எஞ்சிய பதின்மர்

(பள்ளிக் கணினி மன்றத் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



நிரல் எழுதும் மன்றத்தில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். எச்சம் பற்றிப் பேச வந்தேன். தான் முற்றுப்பெறாது நின்று, தன்னை முடிக்கும் சொல்லை வேண்டுவது இலக்கணத்து எச்சம். வகுத்தலில் ஈவு போக எஞ்சுவதும் எச்சமே. பாடநூல் அதனை மீதி என்னும்.

100 மாணவர் சுற்றுலாச் செல்கின்றனர். பேருந்து ஒன்றுக்கு 30 இருக்கை. எத்தனை பேருந்து வேண்டும்? இதற்கொரு செயற்கூறு எழுதுக என்றதும், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பைத்தான் மொழியில் 100 // 30 என்று எழுதினான். கணினி 3 என்றது. பிழை கணினியினுடையதன்று. இரட்டைச் சாய்கோடு முழு ஈவை மட்டுமே தரும். எஞ்சிய பத்தை ஓசையின்றி உதிர்த்துவிடும். அப்பதின்மரும் பள்ளி வாயிலில் நிற்பர். நிரலோ தவறென்று ஒரு சொல்லும் சொல்லாது.

“அப்படியாயின் விடையோடு ஒன்றைக் கூட்டுகிறேன் ஐயா” என்றான். 100-க்குச் சரி. 90 பேருக்கு? ஈவு 3, எச்சமில்லை. அவன் நிரலோ 4 என்னும். ஆளில்லாப் பேருந்துக்குக் கட்டணம் யார் கொடுப்பது?

வகுக்கும் முன்னரே, வகுத்தியினும் ஒன்று குறைந்த எண்ணைக் கூட்டுக. (100 + 29) // 30. 129-இல் 30 நான்கு முறை அடங்கும். 90-உடன் 29 சேர்ந்தால் 119, விடை 3. 91 எனில் 120, விடை 4. ஏன் 29? எஞ்சியவன் ஒருவனேயாயினும் 29-உடன் சேர்ந்து முழு 30 ஆகிவிடுவான். எஞ்சியோர் 29 பேரானாலும் கூட்டுத்தொகை 58 தான். இரண்டாவது முப்பது ஆகாது. எவரும் எஞ்சவில்லையெனில் வெறும் 29, முப்பதை எட்டாது.

சிலர் -(-100 // 30) என எழுதுவர். பைத்தான் எப்போதும் கீழ்நோக்கியே குறைப்பதால் -100 // 30 என்பது -4. குறி மாறி 4 ஆகும். அழகிய வழிதான். ஆயினும் சி மொழியில் இவ்வாறு வகுத்துவிடாதீர். 1999-இல் வகுத்த நெறிமுறைப்படி அம்மொழி சுழியத்தை நோக்கியே வெட்டும். அங்கு 3 தான் வரும், பதின்மரும் மீண்டும் வாயிலில்!

புள்ளியிட்டு வகுத்துப் பின் மேலேற்றுவாரும் உளர். சிற்றெண்களுக்குத் தீங்கில்லை, 17 இலக்க எண்களில் ஈற்றிலக்கம் பிறழக்கூடும்.

2008-இல் வந்த பைத்தான் 3 முதல், நாம் இடும் பெயர்கள் தமிழெழுத்திலேயே இருக்கலாம். செயற்கூற்றுக்குப் ‘பேருந்து_எண்ணிக்கை’ என்றே பெயரிடுங்கள். 0, 1, 30, 31 ஆகியவற்றை இட்டுப் பாருங்கள். முறையே 0, 1, 1, 2 வரவேண்டும். வாராதவர் நாளை என்னிடம் வருக.