கட்டுமுன் கட்டிப் பார்ப்போம்

(கள்ளக்குறிச்சியில் ஊராட்சிச் செயலர்களும் பணி மேற்பார்வையாளர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். மேலே எழும்பும் கட்டடங்களுக்கு வேண்டிய சிமெண்டும் கம்பியும் மலைப் பாதையில் ஏறித்தான் வரவேண்டும். ஆகவே கல்வராயன் மலையில் ஒரு சுவரை இடித்துக் கட்டுவது பெருஞ்செலவு. பிழை நேருமானால், அது மேசையின்மீதே நேர்ந்து திருத்தப்படுவதுதான் சிக்கனம் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு மலைச் சிற்றூரில் அங்கன்வாடி ஒன்று கட்டினோம். சமதரைக்கென வரைந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். இடமோ 10 அடிக்கு 2 அடி சரிந்திருந்தது. 20 அடி நீளக் கட்டடத்தின் இரு முனைகளுக்கும் இடையே 4 அடி வேறுபாடு உண்டு என்பதை, அஸ்திவாரம் தோண்டிய பின்னரே உணர்ந்தோம். சுவருக்கென ஒதுக்கிய பணம் மண்ணுக்குள் போயிற்று. வாயிலோ குழந்தைகளின் மார்பளவு உயரத்தில் நின்றது. படி கட்டப் பணம் வரும் வரையில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கியே உள்ளே விட்டார்கள். அந்த வரைபடத்தில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

இத்தகைய பிழையைத் தவிர்க்க இன்று ஒரு நல்ல வழி உண்டு. பொறியாளர்கள் 'பிம்' என்று அழைக்கும் கட்டடத் தகவல் மாதிரியே அது. சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். மாதிரியிலோ அது நீளம், உயரம், கனம், பொருள், விலை யாவும் அடங்கிய சுவராகவே நிற்கும். ஒரு கதவை இடம் மாற்றினால் தளப்படமும், வெட்டுத்தோற்றமும், பொருள்களின் அளவுப் பட்டியலும் கூடவே மாறும். தண்ணீர்க் குழாய் உத்தரத்தில் முட்டுமானால், கொத்தனார் கரண்டி எடுக்குமுன்பே கணினி அதைக் காட்டிவிடும்.

நாகபுரி மெட்ரோ ரயில் பணியில் நீளம், அகலம், உயரத்தோடு காலத்தையும் செலவையும் சேர்த்து ஐந்து பரிமாண மாதிரியைக் கையாண்டார்கள். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது.

"பெரிய வேலைகளுக்கு உரியது சிறிய வீட்டுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்து வீடு 360 சதுர அடிதான். ஆனால் ஒரே அமைப்பில் நூறு வீடுகள் எழும்போது, படத்தில் உள்ள ஒரு பிழை நூறு பிழையாகிவிடும். வீட்டுக்கு வீடு மாதிரி தேவையில்லை. சமதரைக்கு ஒன்று, மிதமான சரிவுக்கு ஒன்று, செங்குத்தான சரிவுக்கு ஒன்று என மாவட்டத்தில் ஒருமுறை செய்துவைத்தால் போதும். இதற்கு உதவும் 'பிரீகேட்' போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கணினி தானாக நிலத்தை அறியாது. மட்டம் பார்த்து அளவு கொடுப்பது நம் கடமை. மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வழி பாயும், பாறை எங்கே கிடக்கும் என்பதை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொய்யளவு கொடுத்தால், மாதிரி அந்தப் பொய்யையே அழகாகக் காட்டும்.

இனி மலையில் எந்தப் படத்துக்கும் கையொப்பமிடுமுன், அந்த இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். குழந்தை தன் காலாலேயே ஏறிச் செல்லும் வாயிலை நாம் கட்டுவோம்.