சோதிப்பார் இன்றிக் கிடந்த மருந்து

காசநோயாளரை ஒதுக்கிவைத்த காலம் ஒன்றிருந்தது. ஒதுக்கப்படுதல் யாதென நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அந்நோய் தீர்க்கும் ஐசோனியாசிட் என்னும் பொருளை மேயர், மாலி என்னும் இருவர் பிராக் நகரில் 1912-இலேயே ஆக்கினர். சோதிப்பார் இன்மையால் நாற்பதாண்டுகள் அது வாளா கிடந்தது. 1952-இல்தான் காசநோய் மருந்தென அறியப்பட்டது. கிருமியின் மெழுகுச் சுவர் எழாதவாறு அது தடுக்கும். அத்தகைய சுவர் மனித உயிரணுவுக்கு இல்லை. ஆதலின் கிருமி மடியும், மனிதர் பிழைப்பர். பகையிடம் மட்டும் உள்ளதைத் தேடித் தாக்குதலே புதுமருந்து அமைப்போர் நாடும் நெறி.

ஏழையின் நெரிசல் வீட்டில் மருந்து பலிக்குமோ என ஐயுற்றனர். 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆய்வு நிலையம், 193 நோயாளிகளை இரு கூறாக்கி, மருத்துவ விடுதியிலும் வீட்டிலுமாக ஓராண்டு மருந்தளித்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே நலம் பெற்றனர் என்பது 1959-இல் வெளியான முடிவு. உடன் உறைந்தோர்க்கும் அதனால் நோய் மிகவில்லை. குறை குடிசையில் இல்லை. மருந்து எட்டாமையில் இருந்தது.

இன்று பழைய மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியுள்ளன. புதியன ஆக்குவோர் வேண்டும். வேதியியல் கடினமென்று குஜிலியம்பாறை வட்டாரத்து நம் பிள்ளைகள் விலகலாகாது. அவர்தம் அறிவும் சோதிப்பாரின்றி நாற்பதாண்டு கிடத்தல் தகுமோ? அவர்களை அறிவியல் பிரிவில் சேர்ப்போம், துணை நிற்போம்.