ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் எமது பிள்ளைகளும்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. செய்த தவறை ஒத்துக்கொள்ளும் ஆண்டும் அதுவே. ஆகவே என் தவறு ஒன்றைக் கூறியே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கிலே, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்து ஞாயிறன்று, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய நான்கு பிள்ளைகளின் பெயர்களைப் பூசை முடிவில் வாசித்து, மாலையிட்டுப் பாராட்டினேன். என் பக்கத்தில் நின்று பூசைக்கு உதவிய சிறுவனும் அதே பரீட்சையை எழுதியவன். அவனுக்கு மூன்று புள்ளிகள் குறைந்துவிட்டன. மறு ஞாயிறு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நான் பெயில்தானே, சுவாமி" என்றான். அவனுக்கு வயது பத்து. கழுத்துச் சங்கிலியை அடைவு வைத்து அவனை ரியூசன் வகுப்புக்கு அனுப்பிய தாய், கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தாள்.

உண்மையில் அந்தப் பிள்ளை தவறவில்லை. இதை இன்றைக்கும் நம்மிற் பலர் அறிந்திருக்கவில்லை. இரண்டு வினாத்தாள்களுக்கும் மொத்தம் 200 புள்ளிகள். 70 புள்ளிகளும் அதற்கு மேலும் பெறும் பிள்ளை, ஐந்தாம் வகுப்புக்குரிய அறிவைப் பெற்றுவிட்டது என்றே கொள்ளப்படுகிறது. வெட்டுப்புள்ளி என்பது வேறு. அது இருக்கும் இடங்களையும் கொடுக்கக்கூடிய உதவிப் பணத்தையும் எண்ணிப் பார்த்து, மாவட்டத்துக்கு மாவட்டம் வகுக்கப்படும் ஓர் எல்லைக்கோடு. ஒரு மாவட்டத்தில் கோட்டுக்கு மேலே நிற்கும் பிள்ளை, அதே புள்ளியுடன் இன்னொரு மாவட்டத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும். இதைக்கொண்டு ஒரு பிள்ளையின் மூளையை அளக்கலாமா?

2023ஆம் ஆண்டில் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர். மற்ற எண்பத்தைந்து பேரும் பத்து வயதிலேயே தோற்றவர்கள் என்று நாம் சொல்வோமானால், தோற்றது பிள்ளைகளல்ல, நாம்தான்.

இப்பரீட்சை ஏன் வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்கள், தாமே கிராமத்துப் பாடசாலையில் தொடங்கி, புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் படித்தவர். பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்துப் பிள்ளைக்காகவே 1940களில் மத்திய பாடசாலைகள் எழுப்பப்பட்டன. அவற்றுக்குத் திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கப் புலமைப்பரிசில் வந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வியும் வந்தது. ஏழைப் பிள்ளை ஏறுவதற்கென்று வைக்கப்பட்ட ஏணி அது.

இன்று அந்த ஏணியின் அடியிலே நிற்பவர் யார்? நாட்டிலுள்ள அரச பாடசாலைகள் 10,000க்கு மேல். அவற்றுள் தேசிய பாடசாலைகள் ஏறத்தாழ 400. அந்தச் சில வாசல்களை நோக்கி எல்லோரும் முண்டியடிக்கிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்தே ரியூசன், மாதிரி வினாத்தாள், விடுமுறை நாளிலும் வகுப்பு. பரீட்சை நெருங்கும்போது, குறித்த நாளுக்குப் பின் வகுப்பு வைக்கக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களமே ஆண்டுதோறும் கட்டளையிட வேண்டியிருக்கிறது! பணமுள்ள வீட்டுப் பிள்ளை வாகனத்தில் நான்கு வகுப்புக்குப் போகிறது. தகப்பன் கடலுக்குப் போய்விட, வலை தெரியவும் மீன் காயவைக்கவும் தாய்க்கு உதவும் பிள்ளை, அதே வினாத்தாளுக்கு முன்னால் அதே ஒரு மணித்தியாலம் உட்காருகிறது. வினாத்தாள் ஒன்றுதான், ஆயத்தம் ஒன்றல்ல.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதந்தோறும் கிடைக்கும் உதவிப் பணம் சிறிதென்றாலும் பெறுமதியானது. இப்பங்கிலிருந்தே அந்த வழியாய்ப் போய் மேல்நிலைக்கு வந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் சில காரியங்களை நாம் செய்தாக வேண்டும்.

முதலாவது, இப்பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமல்ல என்று கல்வி அமைச்சு 2018இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அயலவரைப் பார்த்து அல்ல.

இரண்டாவது, நமது சிறு பாடசாலையைக் கைவிடாதீர்கள். கோவிலோடு ஒட்டி நமது பாட்டன்மார் கல் சுமந்து கட்டிய பாடசாலை அது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசிடம் போயிற்று. போனது நிர்வாகம், பிள்ளைகள் நம்முடையவர்களே. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் பட்டினத்துக்குக் கொண்டுபோனால், எஞ்சிய பிள்ளைகளுக்காகப் பேச யார் இருப்பர்? ஆசிரியர் வெற்றிடம் இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கமாகச் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். நானும் கூட வருகிறேன்.

மூன்றாவது, இம்மண்டபம் வார நாட்களில் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். விளக்குச் செலவு பங்கைச் சேர்ந்தது. உயர்தரம் படிக்கும் இளைஞர் நான்கு பேர் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். இனி ஒரு தாயும் இதற்காகச் சங்கிலியை அடைவு வைக்கலாகாது.

பெற்றோரே, பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறப்பது க.பொ.த. உயர்தரப் பரீட்சை. ஐந்தாம் வகுப்பிலே எத்தனை புள்ளி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. சாதாரண தரத்துக்குப் பின்னரும் வேறு பாடசாலைக்குப் போக வழியிருக்கிறது. பத்து வயதில் ஒரு கதவு சாத்தப்பட்டால், பதினாறிலும் பத்தொன்பதிலும் வேறு கதவுகள் உண்டு. பிள்ளையின் மனக்கதவை மட்டும் நாம் சாத்திவிடக்கூடாது.

யூபிலி மலரில் இவ்வாண்டு வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்களைப் போடலாம் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். பரீட்சை எழுதிய அத்தனை பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்திப் படமெடுத்துப் போடுங்கள் என்றேன். அப்படியே செய்கிறார்கள். படத்தின் கீழே பெயர்கள் மட்டும் இருக்கும், புள்ளிகள் இரா.

அன்று வராமல் நின்ற சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவன் மணியடிக்க வந்து நின்றான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பி வருவார்களென்று சொல்ல முடியாது. ஆகவே அவர்களைப் போகவிடாதிருப்போம்.

இறைவன் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.