கடைமடை வீட்டின் பன்னிரண்டு மாதங்கள்

அறக்கட்டளைச் சொற்பொழிவு



வேளாண் குடும்பத்துத் தாயார் ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அந்த அம்மையார் மேடை ஏறியவர் இல்லை. நூல் எழுதியவரும் இல்லை. ஆனால் எந்த மாதம் எதை விதைப்பது, எதைக் காயவைப்பது, எந்தச் சாமிக்கு எதைப் படைப்பது, எப்போது கடன் வாங்குவது, எப்போது பெண்ணுக்கு நாள் குறிப்பது என்று ஒரு வீட்டை அறுபது எழுபது ஆண்டு நடத்தியவர். ஆகவே இன்றைய பொழிவுக்கு அவருடைய துறையையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். காவிரிக் கடைமடையில் பருவமும் வழிபாடும் வீட்டு வேலையும் எப்படிப் பின்னிக் கிடந்தன, இன்று எங்கே பிரிகின்றன என்பதே பேச்சு.

1. ஆடி: பணம் வயலுக்குள் போகும் மாதம்

ஆடி பதினெட்டு ஆகஸ்டு 2 அல்லது 3இல் வரும். அன்று காலையில் ஆற்றங்கரைக்குப் போனால் நடப்பது உங்களுக்குத் தெரியும். வாழையிலையில் காதோலை, கருகமணி, மஞ்சள், பழம், வெல்லம் போட்டுக் கிளறிய காப்பரிசி வைத்து ஆற்றுக்குப் படைப்பார்கள். பெண்கள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு ஏறும். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துப் பையன்கள் சப்பரத்தட்டி என்ற சிறு தேரை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவார்கள். முளைப்பாரி ஆற்றில் கரையும்.

அந்த முளைப்பாரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மண்சட்டியில் எருப் போட்டு, நவதானியத்தைத் தூவி, வெயில் படாத மூலையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. எந்த விதை சீராக முளைத்தது, எது சொத்தை என்று வீட்டுப் பெண்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். விதைப்புக்கு முன் விதையைச் சோதிக்கும் வேலை சாமி காரியமாகவே நடந்து முடிந்துவிடுகிறது. பக்திக்காகச் செய்தார்களா, பயிருக்காகச் செய்தார்களா என்று கேட்டால் அந்த அம்மையார்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே காரியம்.

ஆடியில் கல்யாணம் செய்வதில்லை. அதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பிடிபட்டது பணக் காரணம். ஆடியில் பணம் வயலுக்குள் போய்விடும். தையில்தான் வீட்டுக்குள் வரும். உழவுக்கூலி, விதைநெல், வரப்பு வெட்டு என்று கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும்போது பந்தல் போட யாரால் முடியும்? தை, மாசியில் முகூர்த்தம் நெருங்கி வருவதும் களத்து நெல்லை நம்பித்தான்.

இந்த ஆடிப் பெருக்கு முன்பு குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் பெருக்கு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு பெருக்கு அரசாணைக்குள் வந்தது. ஜூன் 12 அணை திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள் என்று வழக்கம் ஏற்பட்டது. ஜூன் 12இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை, அங்கிருந்து வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு வழியாகப் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர இன்னும் பல நாள். எப்படியும் ஆடிக்குள் வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எத்தனை ஆண்டு பலித்தது? 2012 முதல் 2019 வரை ஜூன் 12இல் அணை திறக்கவே இல்லை. 2020இல் எட்டு ஆண்டுக்குப் பிறகு உரிய நாளில் திறந்தார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டிய நீரை 177.25 டிஎம்சி என்று வகுத்தது; அதன்படி ஜூன் மாதத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று மாதவாரியாக அட்டவணை உண்டு. கடைமடை வீட்டுக்கு இன்று அதுவும் ஒரு பஞ்சாங்கம்தான். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் படித்துறையில் குழாய் போட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் பதினெட்டு கும்பிட்டதும் உண்டு. சாமி கும்பிடுவது நிற்கவில்லை. ஆனால் கும்பிட்டுவிட்டு வந்து நாற்றங்காலுக்குப் போகும் கால்கள் அந்த ஆண்டுகளில் வீட்டிலேயே உட்கார்ந்தன.

2. கோடை: வெயிலைச் சேமிக்கும் மாதங்கள்

மாசி அறுவடை முடிந்து வைகாசி வரை வயலில் ஆண்களுக்கு வேலை குறைவு. வீட்டில் பெண்களுக்கு அப்போதுதான் வேலை அதிகம். ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை வெயிலில் போட்டு எடுக்கும் காலம் அது.

வெங்காய வடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து மூடி வைக்க வேண்டும். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, சாயங்காலம் அள்ளி உள்ளே கொண்டுபோய், உடைத்துப் பிசைந்து, காலையில் திரும்பவும் பிடித்து வைக்க வேண்டும். ஈரம் வற்றும் வரை தினமும் இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பானையில் போட்டால் அடுத்த கோடை வரை கெடாது. நடுவில் ஒரு கோடை மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் புளித்துப் போகும். எனவே வடகம் போடும் பாட்டி வானத்தைப் பார்க்காமல் வெங்காயத்தை உரிக்க மாட்டார். காற்று எந்தப் பக்கம், ஈசல் பறந்ததா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறதா என்று பார்த்துத்தான் தொடங்குவார்.

இதே மாதங்கள்தாம் மாரியம்மன் மாதங்கள். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு அம்மனே விரதம் தொடங்குகிறாள். உலக உயிர்களுக்காக அவள் இருக்கும் அந்தப் பச்சைப் பட்டினி விரதம் 28 நாள். அந்த நாள்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதாம். கோடையில் உடம்புக்கு எது ஏற்குமோ அதுவே அம்மனுக்கும் படையல்.

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்படியில் தாளிப்பு கிடையாது. வெளியார் உள்ளே வரமாட்டார்கள். இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. தடுப்பூசிதான் அதை ஒழித்தது, வேப்பிலை இல்லை. இதில் மழுப்ப வேண்டியதில்லை. அதே சமயம், நோயாளியைத் தனியே வைப்பது, ஊரார் வந்து போகாமல் தடுப்பது என்ற ஒழுங்கை மருத்துவமனை எட்டாத காலத்தில் ஊர் முழுவதும் மீறாமல் காத்தது அம்மன் மேலிருந்த பயம்தான்.

3. தை பிறந்தும் கதிர் நிற்கும் ஆண்டுகள்

சம்பா நீண்டகாலப் பயிர். டெல்டாவில் பலர் விரும்பிப் போடும் சிஆர் 1009 ரகத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆவணியில் விட்ட நாற்று தைக்குள் அறுவடைக்கு வரும். புதுநெல்லைக் குத்திப் புதுப்பானையில் பொங்குவதும், வாசல் நிலையில் கதிர்க்கொத்துத் தொங்கவிட்டுக் குருவிக்குப் பங்கு வைப்பதும் இந்தக் கணக்கில் வந்தவை.

தண்ணீர் தாமதமானால் விதைப்பு தள்ளும். விதைப்பு தள்ளினால் தை முதல் நாளன்று கதிர் பால்பிடித்து வயலிலேயே நிற்கும். அந்த ஆண்டு பொங்கல் அரிசி மளிகைக் கடையிலிருந்தும் ரேஷன் கடையிலிருந்தும் வருகிறது. இன்னொரு பக்கம், மார்கழியோடு விலகியிருக்க வேண்டிய மழை தையிலும் விடுவதில்லை. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் சாய்ந்த சம்பாவைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற பயிர் நீரில் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆகவே வீட்டார் எல்லாரும் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டு நிற்கிறார்கள். பொங்கலுக்கு வந்த மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அதே சாலையில்தான்.

மழை மட்டும் இல்லை, புயலும் பண்டிகையை ஒட்டி வந்தது உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 23இல், திருக்கார்த்திகை. தென்னை சாய்ந்து, கூரை பறந்து, பல ஊர்களில் மின்சாரம் வராத நிலை. அன்றும் அகல் ஏற்றினார்கள். சேதம் ஒன்றையும் அந்த விளக்கு ஈடு செய்யவில்லை. ஆனால் நம் வீட்டில் இன்று கார்த்திகை என்று சொல்லிக்கொள்ள ஒரு நாள் இருந்தது, அதற்கென்று செய்ய ஒரு வேலை இருந்தது. துயரப்பட்ட வீடு எழுந்து நிற்க இவை உதவுகின்றன என்பதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன்.

4. எல்லார் வீட்டுத் தையும் ஒன்றா?

இங்கே நிறுத்திக்கொண்டால் பொழிவு இனிமையாக முடியும்; உண்மை பாதியாகிவிடும். பத்தாயம் இருந்த வீட்டின் தையும், அந்தப் பத்தாயத்துக்கு நெல் அறுத்துக் கொடுத்தவர் வீட்டுத் தையும் ஒன்றாக இருந்ததில்லை. அறுவடைக் காலமே கூலித் தகராறின் காலமாகவும் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்து விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடுதல் கூலி நெல் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததுமே நிலவுடைமையாளர்களின் பகைக்குக் காரணம். அதுவும் மார்கழி மாதம்தான். அந்தக் காலத்தில் ஊர் ஒன்றாகக் கூடி வாழ்ந்தது என்று யாராவது சொன்னால், எந்தத் தெரு எந்தத் தெருவோடு கூடியது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்று பெல்ட் அறுவடை வண்டி வந்து மணிக்கணக்கில் வாடகை வாங்கி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. கதிர் அறுத்த பெண்கள் அரசின் ஊரக வேலைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். குனிந்து அறுக்கும் வேலை போனதற்காக வருந்துவது கரையில் நின்றவர்களின் வருத்தம். கூலியும் போனதே என்பது அந்தப் பெண்களின் வருத்தம். இரண்டாவதுதான் நம் கவனத்துக்கு உரியது.

5. மூன்று நாட்காட்டிகள்

டெல்டாவில் நம்பிக்கைக்கு ஒரே நாட்காட்டி என்றும் நினைக்க வேண்டாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேறி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளோடு முடியும். ஆவணி வெயிலில் நடந்து வருவோருக்கு வழியோர வீடுகள் மோரும் சோறும் கொடுக்கின்றன. கொடுப்பவர் மதம் எதுவென்று யாரும் கேட்பதில்லை. நாகூர் கந்தூரி பிறைக் கணக்கில் வருவது. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே கந்தூரியும் ரமலானும் சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். சித்திரை வெயிலில் நோன்பு பிடித்தவரே பின்னொரு காலம் மார்கழிப் பனியிலும் பிடிப்பார். பருவம் மாறினாலும் நம்பிக்கை நிற்கும் என்பதற்கு நம் பக்கத்துத் தெருவே சாட்சி.

நம் தை முதல் நாளும் அசையாத நாள் இல்லை. சூரியன் வடக்கே திரும்புவது இன்று டிசம்பர் 21, 22இல். நாம் பொங்கலிடுவது ஜனவரி 14, 15இல். சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி வந்திருக்கின்றன. யாரும் அதைக் கவனித்துக் கலங்கவில்லை. ஆகவே பருவம் மாறியதால் பண்டிகை பொருளிழந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாளை மாற்றி வைக்க வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. நாள் நிற்கும். அதோடு ஒட்டியிருந்த அறிவுதான் கழன்று போகிறது. விதையைச் சோதிக்கும் கை, வானத்தைப் படிக்கும் கண், எதை எப்போது சேமிப்பது என்ற கணக்கு எல்லாம் பெண்களின் நினைவில் மட்டும் இருந்தன. எழுத்தில் ஏறாததால் அவர்களோடு போகின்றன.

6. ஒரு வேண்டுகோள்

மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். உங்கள் ஊர் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் என்று வந்தது, ஐப்பசி முதல் மழை என்று பிடித்தது, வேம்பு பூத்தது சித்திரைப் பச்சடிக்கு முன்பா பின்பா, வடகம் எத்தனை வெயில் கண்டது, பொங்கல் அரிசி வயலிலிருந்து வந்ததா கடையிலிருந்தா என்று எழுதுங்கள். அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். நிலமுள்ள வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அறுத்துப் பிழைத்த வீட்டிலும், தர்கா தெருவிலும், மாதா கோயில் தெருவிலும் கேளுங்கள். கல்லூரி நிர்வாகம் இந்த நோட்டுகளை வாங்கி நூலகத்தில் ஆண்டுவாரியாக அடுக்கி வைக்க வேண்டும். பத்து ஆண்டு சேர்ந்தால் அணை எப்போது திறப்பது, எந்த ரகம் விதைப்பது என்று பேசும் கூட்டத்தில் கடைமடைப் பெண்களின் கணக்கும் மேசைக்கு வரும். இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிற்கிறதோ, அந்த அம்மையாருக்கு அதுவே தகுந்த மரியாதை.