ஆவணியில் ஒரு நாள் – கோடியக்கரை



வலசைப் பறவை என்றதும் தமிழ் நெஞ்சில் முதலில் சிறகடிப்பது சத்திமுத்தப் புலவரின் நாரை. மதுரைக் குளிரில் நடுங்கிய அப்புலவர், ஊரிலிருந்த மனைவிக்குத் தம் நிலையைச் சொல்லுமாறு அதனை வேண்டினார். குமரிக்கும் வடதிசைக்குமாக அது சென்று மீள்வதை அவர் அறிந்திருந்தார். அந்நாரையினும் மிகச் சிறிய தூதுப்புள் ஒன்று ஆண்டுதோறும் நம் கடற்கோடியில் வந்திறங்குகிறது. பாடுவார்தாம் அரியர்.

தெற்கு நோக்கி ஓடிவரும் சோழநாட்டுக் கடற்கரை, சட்டென மேற்கே மடங்கும் முனை கோடியக்கரை. இங்கே துணையின்றித் தனித்திருப்பது ஏன் எனக் குழகரையே வினவினார் சுந்தரர். ஆவணி மாதத்து விடியலில் வந்திருந்தால் அவ்வினா எழுந்திருக்குமோ, என்னவோ!

பொழுது புலரும் வேளை. உப்பளங்களுக்கு அப்பால் சேற்றுப்பரப்பு அசைவது போலத் தோன்றும். உற்று நோக்கினால் அத்தனையும் உள்ளான்கள். அவற்றுள் அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்தது வளைமூக்கு உள்ளான். சிட்டுக்குருவியைப் போல ஏறத்தாழ இருமடங்கு எடை; அவ்வளவே. சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்தில் பிறந்த அது, 7000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்திருக்கிறது. சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். அது அங்கே காதல் செய்த காலத்துக் கோலம். இங்கே மெல்ல மெல்ல உதிர்ந்து சாம்பல் நிறமாகும்.

வெயில் ஏற ஏறச் சேற்றைக் குத்தித் தின்னும் வேகம் கூடுகிறது. கூட்டத்தில் குஞ்சுகளைத் தேடினால் கிடைப்பது அரிது. அவற்றின் குடும்ப ஒழுக்கம் வியப்புக்குரியது. தாய் அடைகாக்கத் தொடங்கியதும் தந்தை தெற்கே புறப்பட்டுவிடும். குஞ்சுகளைப் பேணிய தாயும் பின்னர் அவற்றை விட்டு நீங்கும். வழிகாட்டுவார் எவருமின்றி, முன்பின் கண்டறியாத கரையை நோக்கி இளம்பறவைகள் கடைசியில் கிளம்புகின்றன.

எல்லா ஆண்டும் அவை ஒரே தொகையில் வருவதில்லை. டைமிரில் லெம்மிங் என்னும் எலியினம் பெருகிய ஆண்டில் துருவ நரிக்கு அதுவே உணவு, குஞ்சுகள் பிழைக்கும். எலி அருகிய ஆண்டில் நரி கூட்டை நாடும். தென்னாப்பிரிக்கக் கரைகளில் இளம்பறவைகளை எண்ணியோர், அந்தத் துருவ நிலத்து எலியின் பெருக்கத்தையும் வீழ்ச்சியையும் அவ்வெண்ணிக்கையில் கண்டனர். நம் புலவர் நாரையிடம் சொல்லி அனுப்பினார். இப்புள்ளோ எவரும் சொல்லாமலே செய்தி கொணர்கிறது.

அத்தூதரும் குறைந்து வருகின்றனர். கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பெற்றது. ஆயினும் உலகளவில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் வரிசையில் 2024இல் வளைமூக்கு உள்ளானும் சேர்ந்தது. உள்ளான் என்றதும் கறியை நினைக்கும் நாவும் நம்மிடை உண்டென்பதை மறைப்பதற்கில்லை.

அந்தி சாய்கிறது. கூட்டம் ஒருசேர எழுந்து, வெண்மையாகவும் கருமையாகவும் மாறி மாறித் திரும்பி, மீண்டும் சேற்றில் அமர்கிறது. வடக்கே, பெற்றோர் நீங்கிய நிலத்திலிருந்து அவ்வாண்டின் இளம்பறவைகள் தனித்து வந்துகொண்டிருக்கின்றன.