ராஜவிசுவாசியும் சாதிவிசுவாசியும்

(தளவாய்புரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பகல் முழுக்கத் தையல் எந்திரத்தில் உட்கார்ந்து நைட்டி தைத்துவிட்டு, மாலையில் புத்தகம் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

இன்று நான் பேச வந்தது கால்டுவெல் பாதிரியாரின் எழுத்துகளைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் அமெரிக்காவில் வாழ்ந்த இன்னொரு பாதிரியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரணம் பிறகு புரியும்.

1775. அமெரிக்கக் காலனிகள் இங்கிலாந்து அரசருக்கு எதிராகக் கிளம்பியிருந்த நேரம். மேரிலாந்தில் ஆங்கிலிக்கன் சபைப் பாதிரியாராக இருந்த ஜோனதன் பௌச்சர், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். அவர் ராஜவிசுவாசி. அரசு கடவுளிடமிருந்து வருகிறது, மக்கள் கீழ்ப்படியத்தான் வேண்டும், மனிதர்கள் சமமாகப் பிறக்கிறார்கள் என்பதே தவறு என்பது அவர் வாதம். ஊர் தாங்கவில்லை. அந்த ஆண்டே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1797இல் தன் 13 பிரசங்கங்களைப் புத்தகமாக்கினார். அதை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? எதிரணித் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு. வாஷிங்டனுடைய மனைவியின் மகன் பௌச்சரிடம் படித்தவர். பழைய நட்பு.

பௌச்சர் பிற்போக்குவாதி, வாஷிங்டன் விடுதலை வீரர். கணக்கு முடிந்ததா? முடியவில்லை. வாஷிங்டனிடமும் அடிமைகள் இருந்தார்கள், பௌச்சரிடமும் அடிமைகள் இருந்தார்கள். சுதந்திரம் வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் சண்டை போட்டார்கள். இரண்டு வீட்டு வயலிலும் வேலை செய்த கறுப்பின மக்களை யாரும் கேட்கவில்லை. அதே 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்புச் செய்தார்: கலகக்காரர்களின் அடிமைகள் அரசரின் படையில் சேர்ந்தால் விடுதலை. கருணையால் அல்ல, போர்த் தந்திரம். அவரே அடிமைகள் வைத்திருந்தவர்தான். ஆனாலும் மக்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைத் தேசத்துரோகிகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

இராபர்ட் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838இல் சென்னை வந்தார். 1841இல் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, இடையன்குடிக்கு வந்து, அந்த வட்டாரத்தில் ஐம்பது ஆண்டுகள் வேலை செய்தார். 1877இல் ஆயர் ஆனார். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாம் அவரைக் கொண்டாடுகிறோம். மெரினாவில் சிலை இருக்கிறது. இந்துத்துவவாதிகளோ, வெள்ளைக்காரனுக்கு வேலை செய்து நாட்டைப் பிரித்தவர் என்று ஏசுகிறார்கள்.

அவர் ராஜவிசுவாசிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. 1881இல் அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாற்றைப் படித்தால் தெரியும். அது நமக்கு அன்னிய வரலாறு அல்ல. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரியும்வரை திருவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலியில்தான் இருந்தது. கும்பினிப் படை, நெற்கட்டும்செவல், பாஞ்சாலங்குறிச்சி, 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, 1801இல் ஊமைத்துரையின் போர் எல்லாம் அதில் இருக்கின்றன. பாளையக்காரர்கள் அவருக்குக் கலகக்காரர்கள். ஆங்கில ஆட்சி வந்ததால் ஒழுங்கு வந்தது என்பது அவர் பார்வை.

நூல் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். 1801இல், நாடு கும்பினியின் கைக்கு வந்ததோடு முடிகிறது. அவர் எழுதுவது 1881இல். நடுவில் 80 ஆண்டுகள் ஆங்கில ஆட்சி நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்திலேயே இருந்தவர் அவர். பாளையக்காரனின் ஆட்சி அவர் புத்தகத்தில் விசாரிக்கப்படுகிறது. ஆங்கிலேயனின் ஆட்சி விசாரணைக்கே வரவில்லை. பொய் எதுவும் எழுத வேண்டாம், எந்த ஆண்டில் நிறுத்துவது என்று தீர்மானித்தாலே போதும். விசுவாசம் அப்படித்தான் வேலை செய்யும்.

அந்த 1801க்குப் பிறகு இங்கே என்ன நடந்தது? கும்பினியை எதிர்த்த பாளையங்கள் அழிந்தன. அடங்கிப் போனவர்கள் ஜமீன்தார் ஆனார்கள். பக்கத்துச் சேத்தூரில் ஜமீன் இருந்ததை உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். சேரிக்காரனுக்கு 1800இலும் 1802இலும் அதே வயல், அதே கைகட்டல். கும்பினி பாளையக்காரனின் பீரங்கியைத்தான் பிடுங்கியது, சாதியைப் பிடுங்கவில்லை.

அவருடைய இன்னொரு எழுத்தையும் சொல்ல வேண்டும். 1849இல் இன்றைய நாடார் மக்களைப் பற்றி, அன்று அவர்களை இழிவாக அழைத்த பெயரிலேயே ஒரு சிறுநூல் எழுதினார். தன் சபைக்கு வந்த மக்களையே அறிவில் குறைந்தவர்கள் என்று எடைபோட்டார். அது பெரிய காயம். நாசரேத்தைச் சேர்ந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிசனரிகளோடு முரண்பட்டு, 1857இல் வெள்ளைக்காரப் பாதிரிகள் இல்லாத தனிச் சபையே தொடங்கினார். அந்தத் தன்மானத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்நூலுக்குப் பிறகு வந்த மறுப்புகளில் பெரும்பாலானவை என்ன சொல்லின? "எங்களைக் கீழே வைக்காதே, நாங்கள் சத்திரியர்கள்" என்றன. ஏணியில் தன் படியை மாற்றச் சொன்னார்கள், ஏணியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று ஒவ்வொரு சாதிச் சங்கமும் "ஆண்ட பரம்பரை" என்று பேனர் கட்டுகிறதே, அதே பாதைதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அதன் பின்னிணைப்பில் கால்டுவெல் ஒரு கேள்வி கேட்கிறார்: பறையர்கள் திராவிடர்களா? அவர்கள் வேறு இனம் என்று அன்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால்டுவெல் விவாதித்து, அவர்களும் திராவிடர்களே என்ற முடிவுக்கு வருகிறார். அவருடைய மொழியில் இனவாதக் காலத்தின் வாடை அடிக்கும், நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஊரும் சேரியும் ஒரே மக்கள் என்று ஓர் இலக்கண நூலில் எழுதி வைத்தார்.

1891இல் அவர் இறந்தார். 1913இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்தப் பின்னிணைப்பு அதில் இல்லை. நீக்கிவிட்டார்கள். பிறகு பல தலைமுறைகள் படித்தது அந்தப் பதிப்பின் மறுபதிப்புகளைத்தான். 2008இல் கவிதாசரண் பதிப்பகம் முழு நூலையும் தேடி வெளியிட்ட பிறகுதான் பலருக்கு இப்படி ஒரு பகுதி இருந்ததே தெரிய வந்தது. இலக்கணத்துக்குத் தேவையில்லை என்று வெட்டியதாகச் சொல்லலாம். இருக்கட்டும். கத்தரி போட இடம் தேடும்போது சேரி மக்களைப் பற்றிய பக்கம் முதலில் கண்ணில் படுகிறதே, அது தற்செயலா? கால்டுவெல்லைத் தமிழின் தோழர் என்று புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கங்கள் எங்கே என்று கேட்டார்கள்?

ராஜவிசுவாசியின் புத்தகம் 1801இல் நின்றது. நம்முடைய கொண்டாட்டம் சேரியின் எல்லையில் நின்றது.

1997இல் நான் பள்ளி மாணவன். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. யார் அவர்? கட்டபொம்மனின் படைத்தளபதி. தேவேந்திரகுல வேளாளர். கட்டபொம்மன் வசனத்தை மேடைக்கு மேடை பேசிய இதே மண்ணில், அவருடைய தளபதியின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் வெடித்தது. எங்கள் ஊருக்குப் பல நாள் பேருந்தே வரவில்லை. என் அப்பா என்னை சைக்கிளில் வைத்துக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனார். "மெயின் ரோடு வேண்டாம்ப்பா" என்றது மட்டும்தான் அவர் சொன்னது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களின், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் எடுத்துவிட்டது.

இந்த ஊர்ப் பெயரைப் பாருங்கள். தளவாய் என்றால் நாயக்கர் காலத்துப் படைத்தலைவர் பதவி. ஒரு படைத்தலைவரின் பட்டத்தை ஊருக்கே வைத்திருக்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. இன்னொரு படைத்தலைவரின் பெயரைப் பேருந்தின் பக்கவாட்டில் எழுத முடியவில்லை. இங்கே தேசபக்தி எங்கே இருந்தது? கட்டபொம்மனுக்கான விசுவாசம் எங்கே போனது? அது சாதிவிசுவாசம், வேறொன்றுமில்லை.

நம் பக்கத்துத் தேவாலயத்தில் விசுவாசம் என்றால் இறைநம்பிக்கை. தெருவில் விசுவாசம் என்றால் எசமானுக்கு நன்றி காட்டுவது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது இரண்டாவது பொருளில் கேளுங்கள்: இதை எழுதியவர் யாருக்கு விசுவாசி? எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்? யாரை எழுதாமல் விட்டார்? கால்டுவெல்லைக் கேளுங்கள். அவரை ஏசுகிறவர்களையும், நம்மைப் போல அவரைக் கொண்டாடுகிறவர்களையும் இதே கேள்வி கேளுங்கள். வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர் என்று ஒருவரை ஒதுக்கச் சொன்னால், ஒதுக்கச் சொல்பவர் எந்தச் சாதிக்கு வால் பிடிக்கிறார் என்றும் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நீக்கப்பட்ட பகுதியின் நகலைக் கொண்டு வருகிறேன். ஆளுக்கொரு பத்தியாகச் சத்தமாகப் படிப்போம், சண்டை போட்டே படிப்போம். 1913இல் வெட்டியதை இந்த ஊரிலாவது சேர்த்துப் படித்தோம் என்று இருக்கட்டும்.