காஸ்வேயின் இரு கரையும் ஒரே நாடாக வேண்டுமா?

(பொன்விழாக் கருத்தரங்கில் இளையர் அணி சார்பில் ஆற்றிய உரை)





சிங்கப்பூரும் மலேசியாவும் மறுபடியும் ஒரே நாடாக வேண்டுமா என்ற தலைப்பை எங்களுக்குக் கொடுத்தார்கள். மல்லியும் மிளகாயும் விற்கிறவர்களிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் யோசித்தோம். பிறகு புரிந்தது. நம்மில் பலருக்குக் கடை இந்தக் கரையில், சம்பந்தி அந்தக் கரையில். ஆகவே எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேண்டாம். சொந்தம் ஒன்றாக இருக்கட்டும், வியாபாரம் பெருகட்டும், அரசாங்கம் இரண்டாகவே இருக்கட்டும்.

ஒருமுறை சேர்ந்து பார்த்தாகிவிட்டது. 1962 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று வகை இணைப்பு இருந்தது, ‘இணைப்பே வேண்டாம்’ என்பதற்கு இடமில்லை. 71 விழுக்காட்டினர் அரசாங்கம் சொன்ன வகைக்கு வாக்களித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார். 1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது, 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் வெளியே வந்தது. இருபத்து மூன்று மாதம்கூட முழுதாக நிறையவில்லை.

கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சிங்கப்பூரில் வசூலாகும் தேசிய வருவாயில் 40 விழுக்காடு கோலாலம்பூருக்குப் போக வேண்டும், பதிலுக்குப் பொதுச் சந்தை வரும் என்பது பேச்சு. பணம் போனது, சந்தை வரவில்லை. பிறகு பங்கை 60 விழுக்காடாக்கக் கேட்டார்கள். கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் சண்டை வந்தால் எந்தக் கூட்டாளிக் கடை நிலைக்கும்?

பணத் தகராறு போக, இன்னொன்றும் இருக்கிறது. இந்த மேடையில் அதை மறைத்துப் பேச முடியாது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது கலவரம் வெடித்தது. அந்த மாதம் 23 பேர் இறந்தார்கள், செப்டம்பரில் மறுபடி 13 பேர். யாருக்கு எந்த உரிமை என்று இரு கட்சிகள் மேடை போட்டுப் பேசிய காலம் அது. மௌலிது ஓத வேண்டிய நாளில் தெருவில் ரத்தம் சிந்தியது. மறு இணைப்பு என்றால் அதே கேள்வியை மறுபடி மேசைமேல் வைக்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. மலேசிய அரசமைப்பின் 153ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் சிறப்பு நிலை தருகிறது. மலாய்க்காரர் யார் என்று 160ஆவது பிரிவு சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர். நம் சொந்தக்காரர்களில் ஒருவர் மலாய்க்காரராகவும் இன்னொருவர் இந்தியராகவும் பதிவாகியிருப்பது இதனால்தான். இங்கே நாம் இந்திய முஸ்லிம்கள், தமிழ் ஆட்சிமொழி. ஆனாலும் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அந்தக் கரையிலோ 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் எது மிஞ்சும், அவர்களின் பள்ளியா, நமது ஆட்சிமொழியா? இரண்டும் மிஞ்சும் என்று உறுதி சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

பிரிவினையும் ஒரே நாளில் முடியவில்லை. காஸ்வேயில் கடப்பிதழ்ச் சோதனை 1967இல்தான் வந்தது. விமான நிறுவனம் 1972இல் இரண்டானது. 1973இல் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியான வெள்ளி பிரிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். (மறுபடி ஒரே வெள்ளியானால் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் நம் காக்காமார்கள் முதலில் எதிர்ப்பார்கள்!) நம் சங்கம் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. அடையாள அட்டையைப் பாருங்கள். நீல அட்டை என்றால் அங்கே குடிமகன், இங்கே நிரந்தரவாசி. ஒரே அத்தாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பி ஆளுக்கொரு நீல அட்டை வைத்திருப்பார்கள், பொருள் வேறு.

1996இல் திரு லீ குவான் இயூவே மறு இணைப்பைப் பற்றிப் பேசினார். மலேசியாவும் இன வேறுபாடின்றித் தகுதிக்கு முதலிடம் தந்தால் அது நடக்கலாம் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இருக்கும்வரை அது பேச்சுதான்.

இனி நடக்கக்கூடியதைப் பார்ப்போம். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் வருகிறது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கும் 2025 ஜனவரியில் உடன்பாடு கண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் யாரும் கொடியை இறக்கவில்லை. சரக்கு லாரிக்கு அந்த ரயிலால் நேரடிப் பயன் இல்லை என்பது எங்கள் குறை. அதை வர்த்தக சபையில் பேசிக்கொள்கிறோம்.

சங்கத்தில் பேச வேண்டியது வேறு. ஒருவர் மவுத்தாகிறார். வீடு இங்கே, தோட்டம் ஜொகூரில், பிள்ளைகள் இரு கரையிலும். இங்குள்ள ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் தரும். ஆனால் ஜொகூர் நிலத்தைப் பெயர் மாற்ற மலேசியாவில் தனியாக மனுப் போட வேண்டும். ஃபராயிள் பங்கு இரு கரையிலும் ஒன்றுதான், காகிதம்தான் இரண்டு. அந்தக் காகிதம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாரம் ஒரு மாலை சங்க அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசை போடுங்கள். எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம், எந்த வரிசை என்று எழுதித் தருவோம், சட்டச் சிக்கல் இருந்தால் வழக்கறிஞரிடம் அனுப்புவோம். இளையர் அணியில் இரண்டு பேர் உட்காரத் தயாராக இருக்கிறோம். பெரியவர்கள் பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.